நீலகிரி பீப்பாயும் எங்க தாத்தா கலயமும்

டிஸ்கி: இது குடியைப் பத்தின பதிவு. குடிக்கச் சொல்ற பதிவு இல்லை. எங்க அம்மா இதைப் படிக்க மாட்டாங்கங்கிற தைரியத்துல எழுதுறேன் :-)

ஆணி கொஞ்சம் ஜாஸ்தி, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. பொட்டி தட்டுறதுக்காக ஆறு மாசம் லீட்ஸ் நகரத்துல உக்கார வெச்சிருந்தாங்க. யார்க்‌ஷைர். மழை, கம்பளி, கிரிக்கெட்டுல பாய்காட். அவ்வளவுதான் எனக்கு அந்த ஊரைப் பத்தித் தெரிஞ்சது. கூட வேலை பாக்குறவர் ஒருத்தர், நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், பக்கத்துல பார்ன்ஸ்லிங்கிற ஊர்க்காரர். உனக்கு எந்த ஊருன்னு கேட்டார். நெய்வேலின்னா அவருக்கு என்ன தெரியும்? பழுப்பு நிலக்கரி வெட்டுற ஊரு, அப்பா சுரங்கத்துல ஃபிட்டரா இருந்து ரிட்டையர் ஆனவருன்னேன். மனுஷன் முகமே மாறிடுச்சு. அவங்க அப்பாவும் நிலக்கரிச் சுரங்கத்துல இருந்தவராம். அந்தச் சனிக்கிழமையே வண்டியில ஏத்திக்கிட்டு வேக்ஃபீல்ட் பக்கத்துல இருக்குற நிலக்கரிச் சுரங்க மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனார். கேப்ஹவுஸ்னு ஒரு பழைய சுரங்கம். 140 மீட்டர் ஆழத்துக்குக் கூண்டுல இறக்கி விடுறாங்க. நம்ம ஊர்ல சுரங்கம்னா வானம் பாத்த பெரிய பள்ளம், மேல நின்னு பாத்தா ராட்சச சக்கர எந்திரம் மண்ணைக் கரண்டி கரண்டியா அள்ளும். இங்க குனிஞ்சே போகணும். யார்க்‌ஷைர்ல கடைசி ஆழச் சுரங்கம் கெல்லிங்லி, 2015 டிசம்பர்ல அதையும் மூடிட்டாங்க. பிரிட்டன்லயே கடைசி அதுதான்.

மேல வந்ததும், "உங்கப்பா குடிச்சிருக்க வேண்டியது இது"ன்னு சொல்லி பார்ன்ஸ்லியில ஒரு பப்புக்கு இழுத்துட்டுப் போனார். எங்கப்பா டீயைத் தவிர வேற எதையும் தொட்டதில்லைங்கிறதை நான் சொல்லல. அதுக்குக் காரணம் இருக்கு, அப்புறம் வரேன்.

அங்க குடுத்த பீர், பார்ன்ஸ்லி பிட்டர். முதல் வாய் வெச்சதும், யாரோ காலையில ஊத்தி வெச்சு மறந்துட்டாங்கன்னுதான் நெனச்சேன். ஜில்லுன்னு இல்லை. பொங்கல. ஏதோ ரொட்டி, கருகின சர்க்கரை, கடைசில நல்ல கசப்பு. ரெண்டாவது வாய்க்கு "சரி பரவால்ல". பாதி கிளாஸ் காலியானப்ப அவர்கிட்ட கேள்வி மேல கேள்வி கேட்டுக்கிட்டிருந்தேன்.

விஷயம் இதுதான் மக்களே. நாம கடையில பாக்குற பீர் செத்த பீர். வடிகட்டி, பெரும்பாலும் சூடு காட்டி, ஈஸ்ட்டைப் போக்கி, கரியமில வாயுவை வெளிய இருந்து ஏத்தி அடைச்சது. அதனாலதான் ஆறு மாசம் தாங்குது. பீப்பாய் ஏல் அப்படி இல்லை. ஈஸ்ட் உசுரோட இருக்கும்போதே பீப்பாயில ஊத்தி மூடி பப்புக்கு அனுப்பிடுவாங்க. பப்போட நிலவறையில ரெண்டாவது தடவை மெதுவா நொதிக்கும். மீனோட காத்துப்பையில இருந்து எடுக்குற பசையைச் சேத்தா ஈஸ்ட் எல்லாம் அடியில படிஞ்சு தெளியும் (இது தெரிஞ்சப்ப எங்க குழுவுல இருந்த சைவ நண்பர் ஒருத்தர் அவ்வ்வ்வ்னு அழுதார்). நிலவறை சூடு 12, 13 டிகிரி. கேஸ் கிடையாது. கவுண்ட்டர்ல ஒரு நீளக் கைப்பிடி இருக்கும், அடிபம்பு மாதிரி இழுத்து ஊத்துவாங்க. பீப்பாயைத் திறந்துட்டா காத்து உள்ள போக ஆரம்பிச்சிடும், சுமாரா மூணு நாளுக்குள்ள வித்துடணும். இல்லாட்டி புளிச்சிடும். நம்ம பாஷையில சொன்னா, பாட்டில் பீர் கம்பைல் பண்ணி மூடி வெச்ச ஃபைல். இது ஓடிக்கிட்டே இருக்குற ப்ராசஸ். பக்கத்துல ஆள் இல்லாட்டி ஊத்திக்கும்.

நான் குடிச்சதைக் காய்ச்சினது ஏகார்ன்னு ஒரு சின்ன ப்ரூவரி, பார்ன்ஸ்லியை ஒட்டி வோம்ப்வெல்ங்கிற இடத்துல 2003-ல ஆரம்பிச்சது. பார்ன்ஸ்லி பிட்டர்ங்கிற பேர் அதைவிட ரொம்பப் பழசு. அந்தப் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளிங்க ஷிப்ட் முடிஞ்சு வந்து குடிச்ச பீர். ஊருக்குள்ள இருந்த ஓக்வெல் ப்ரூவரியில காய்ச்சினாங்க. பெரிய கம்பெனி வாங்கினதுக்கு அப்புறம் 1976-ல ஓக்வெல்லை மூடிட்டாங்க. ஆனா அந்த ஈஸ்ட் சாகல. அந்தப் பழைய ஈஸ்ட் வகையை வெச்சுத்தான் இப்பவும் காய்ச்சுறோம்னு ஏகார்ன்காரங்க சொல்றாங்க. நார்விச்ல ஈஸ்ட்டுக்குன்னே ஒரு தேசியச் சேமிப்பகம் இருக்கு, ப்ரூவரிக்காரங்க தங்களோட ஈஸ்ட்டை பேங்க் லாக்கர்ல நகை வெக்கிற மாதிரி அங்க வெச்சிருக்காங்க. சுரங்கம் போச்சு, ப்ரூவரி போச்சு, ஈஸ்ட்டை மட்டும் விடல பாருங்க.

அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு வந்ததும் தூக்கம் வரல. இந்தப் பீப்பாய் பீர் நம்ம பக்கம் எப்பவாவது இருந்துச்சான்னு ஒரு நமைச்சல். தேட ஆரம்பிச்சா, நம்ம நீலகிரிக்கே கொண்டு போய் விட்டுச்சு.

முதல்ல கப்பல்ல வந்துச்சு. பதினெட்டாம் நூற்றாண்டு கடைசியில லண்டன் கிழக்கு ஓரத்துல ஹாட்ஜ்சன்னு ஒருத்தர் ப்ரூவரி வெச்சிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கேப்டன்களுக்கு ஒன்றரை வருஷக் கடன்ல பீர் குடுப்பார். அவங்க மெட்ராஸ், கல்கத்தான்னு கொண்டு வந்து வித்துக்குவாங்க. சூயஸ் கால்வாய் திறந்தது 1869-ல. அதுக்கு முன்னாடி ஆப்பிரிக்காவைச் சுத்தி, நிலநடுக்கோட்டை ரெண்டு தடவை தாண்டி, நாலஞ்சு மாசம் பீப்பாயிலேயே உருண்டு வரணும். ஹாப்ஸ் நிறையப் போட்ட பீர்தான் அதைத் தாங்கும். ஐபிஏன்னு இன்னிக்குப் பெங்களூர்ல நம்ம பசங்க வாங்குற சமாச்சாரத்தோட பூர்வீகம் அதுதான்.

கப்பல் பீர் விலை அதிகம். இங்கயே காய்ச்சினா என்னன்னு தோணியிருக்கு. ஆனா எங்க? ஃப்ரிட்ஜ் இல்லாத காலம். ஏல் ஈஸ்ட்டுக்கு 15-லிருந்து 20 டிகிரி வரைக்கும் சுகம். மெட்ராஸ் வெயில்ல காய்ச்சினா கண்டபடி நொதிச்சு மறுநாளே காடியாயிடும். மெட்ராஸ்ல ஜில்லுன்னு எதாவது வேணும்னா அமெரிக்காவுல பாஸ்டன்ல இருந்து கப்பல்ல ஐஸ் வரணும். அதைச் சேமிக்க 1842-ல கட்டின ஐஸ் ஹவுஸ்தான் பின்னாடி விவேகானந்தர் இல்லமாச்சு. அந்த ஐஸை விஸ்கியில போட்டுக்கலாம், ப்ரூவரி நடத்த முடியாது. அதனால வெள்ளைக்காரன் மலை ஏறினான். வடக்குல கசௌலி, முர்ரி, தெற்குல நீலகிரி. கொஞ்சம் உயரமா இருந்ததால பெங்களூருக்கும் அதிர்ஷ்டம். கசௌலியில 1855-ல ப்ரூவரி போட்டவர் எட்வர்ட் டையர். யாருன்னு கேக்குறீங்களா? ஜாலியன்வாலாபாக் ஜெனரல் டையரோட அப்பா. அப்பன் காய்ச்சினது பீர், புள்ள செஞ்சது எல்லாருக்கும் தெரியும்.

நம்ம பக்கத்துல 1857-லயே காஸில் ப்ரூவரின்னு ஒண்ணு வந்துடுச்சு. சிப்பாய்க் கலகம் நடந்த அதே வருஷம். நீலகிரியில இதுக்கு எல்லாமே தோதா இருந்துச்சு. குளிர் இருக்கு. சுனைத் தண்ணி இருக்கு. படகர்கள் ஏற்கனவே பார்லி பயிர் பண்ணிக்கிட்டிருந்தாங்க. எல்லாத்துக்கும் மேல குன்னூர் பக்கத்துல வெல்லிங்டன்ல ஒரு பெரிய பட்டாளமே தாகத்தோட உக்காந்திருந்துச்சு. ராணுவத்துக்கும் இதுல அக்கறை. சிப்பாய் சாராயத்தைக் குடிச்சுட்டு ஆஸ்பத்திரியில படுக்குறதுக்கு பீரே தேவலாம்ங்கிற கணக்கு.

இப்படித் தெற்குல அங்கங்க முளைச்ச அஞ்சு சின்ன ப்ரூவரிகளை 1915-ல தாமஸ் லீஷ்மன்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் ஒண்ணாச் சேத்தார். அதுதான் யுனைடெட் ப்ரூவரீஸ். ஆமாங்க, கிங்ஃபிஷர் கம்பெனியேதான். அஞ்சுல மூத்தது காஸில் ப்ரூவரி. ஆரம்ப காலத்துல நீலகிரியிலயும் பெங்களூர்லயும் காய்ச்சின பீரை ஹாக்ஸ்ஹெட்ங்கிற பெரிய மரப்பீப்பாய்ல ஊத்தி, மாட்டு வண்டியில ஏத்தி, மெட்ராஸ் வட்டாரத்துப் பட்டாளம் வரைக்கும் அனுப்பினதாக் கம்பெனி வரலாறு சொல்லுது.

இதைப் படிச்சதும் ரொம்ப நேரம் அந்த மாட்டு வண்டியையே யோசிச்சுக்கிட்டிருந்தேன். ஒரு ஹாக்ஸ்ஹெட்னா 54 காலன், 245 லிட்டர். மரத்தோட எடையும் சேத்தா கால் டன்னைத் தாண்டும். மலையில இருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குற வளைவுல அந்தப் பீப்பாயைக் கட்டிப் புடிச்சு ஓட்டின வண்டிக்காரர் யாரு? கோயம்புத்தூர் வெயில்ல ஈரச் சாக்கைப் போத்தி விட்டிருப்பாரா? உள்ள ஈஸ்ட் உசுரோட இருந்தா அழுத்தம் ஏறும், அடைப்பான் பிச்சுக்கிட்டுப் போகும். இதுல கை தேர்ந்த ஆளு நம்மாளுதான் இருந்திருக்கணும். மரப்பீப்பாய் செய்யுற தச்சு வேலை, பார்லியை முளைகட்டி வறுக்குறது, ஊறல் தொட்டி கழுவுறது, இதெல்லாம் லீஷ்மன் துரை கையால செஞ்சிருப்பாரா என்ன? கம்பெனி வரலாறுல துரை பேரு இருக்கு, வருஷம் இருக்கு, மாட்டு வண்டி கூட இருக்கு. ஓட்டினவர் இல்லை.

1947-ல விட்டல் மல்லையா கம்பெனிக்குள்ள இயக்குநரா வந்தார். மறுவருஷம் அவரே சேர்மன். அதே 1948 அக்டோபர் 2-ல இருந்து மதராஸ் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. (ராஜாஜி 1937-லயே சேலத்துல ஆரம்பிச்சு வெச்சது.) பட்டாளமும் கப்பலேறிடுச்சு. பெங்களூர் மைசூர் சமஸ்தானத்துல இருந்ததால கம்பெனி அங்க பிழைச்சுக்குச்சு. அப்புறம் வளர்ந்தது எல்லாம் பாட்டில் பீர், லாகர். நீலகிரி பீப்பாய் கதை அங்கயே முடிஞ்சு போச்சு. எந்த ஈஸ்ட்டையும் யாரும் எடுத்து வெச்ச மாதிரி தெரியல.

ஆனா கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மலையில இது ரொம்ப நாள் தாங்குச்சு. நுவரெலியா. நைல் நதியோட மூலத்தைத் தேடி ஆப்பிரிக்கா போன சாமுவேல் பேக்கர், அதுக்கு முன்னாடி 1840-கள் கடைசியில நுவரெலியாவுல பண்ணை வெச்சு ஒரு குட்டி இங்கிலாந்து கட்டப் பாத்தார். அந்த மலைக்கு பீர் காய்ச்சுற யோசனையைக் கொண்டு வந்ததே அவர்தான்னு சொல்லுவாங்க. 1881-ல ப்ரூவரி முறையா வந்துச்சு. லவ்வர்ஸ் லீப் அருவித் தண்ணி, சுத்தி தேயிலைத் தோட்டம், தோட்டத்துல நம்ம சனம். லயன் ஸ்டவுட்னு கரியா ஒரு பீர் காய்ச்சினாங்க. மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லீங்க, அதே பேர்ல யார்க்‌ஷைர்ல பிறந்த பீர் எழுத்தாளர், 2007-ல காலமானார்) இலங்கைக்குப் போனப்ப, கண்டியில ஒரு கடையில இந்த ஸ்டவுட்டை மரப்பீப்பாய்ல இருந்து கைப்பம்பு போட்டு ஊத்துறதைப் பாத்து அசந்து போய் எழுதினார். இங்கிலாந்துலயே பல பப்புல ஒழிஞ்சு போன வழக்கம், கண்டியில சத்தமில்லாம இருந்திருக்கு. ப்ரூவரியை 1990-கள் கடைசியில கீழ பியகமவுக்கு மாத்திட்டாங்க. லயன் ஸ்டவுட் இன்னும் இருக்கு, பாட்டில்லயும் டின்லயும். 8.8 சதவீதம், கவனம்.

இப்ப 1971-க்கு வரேன். இந்த வருஷம்தான் என்னை இந்தப் பதிவை எழுத வெச்சது.

இங்கிலாந்துல 1960-கள்ல பெரிய கம்பெனிங்க எல்லாம் சேந்து பீப்பாய் ஏலை ஒழிச்சுக் கட்டிக்கிட்டிருந்தாங்க. நிலவறை வேணாம், பக்குவம் பாக்க ஆள் வேணாம், கேஸ் ஏத்தின பீர் போதும்னு. 1971 மார்ச்சுல நாலு இளைஞர்கள் அயர்லாந்துக்கு டூர் போன இடத்துல உக்காந்து பொலம்பி, ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. காம்ரான்னு பேரு. நல்ல ஏலுக்கு ஒரு இயக்கம். முதல்ல கேலி பண்ணியிருப்பாங்க. ஆனா அது லட்சத்துக்கு மேல உறுப்பினர் இருக்குற அமைப்பா வளர்ந்துச்சு. 2002-ல அரசாங்கம் சின்ன ப்ரூவரிகளுக்கு வரியைக் குறைச்சுது, மளமளன்னு புதுசு முளைச்சுது. மறுவருஷம் ஆரம்பிச்ச ஏகார்ன் அந்த அலையில வந்ததுதான். (எல்லாம் சுபம்னு நெனச்சுக்காதீங்க. 1978-ல ஆரம்பிச்சு, உலகம் பூரா சின்ன ப்ரூவரிகளுக்கு வழிகாட்டின ரிங்வுட் ப்ரூவரியைப் பெரிய கம்பெனி 2024-ல மூடிடுச்சு.)

அதே 1971, ஆகஸ்ட் 30. தமிழ்நாட்டுல கலைஞர் அரசு மதுவிலக்கைத் தள்ளி வெச்சுது. விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் நடுவுல ஒரு கிராமத்துல, முப்பத்து மூணு வயசு ஆளு ஒருத்தர் பரண்ல இருந்து அப்பாவோட அருவாப்பெட்டியை இறக்கினார். எங்க தாத்தா.

தாத்தா மரமேறி. அவருக்குப் பத்து வயசு இருக்கும்போது 1948 மதுவிலக்கு வந்துச்சு. அவங்க அப்பா கலயத்துல சுண்ணாம்பு தடவி பதநீர் இறக்கி, வெல்லம் காய்ச்சிப் பொழைச்சிருக்கார். 71-ல கள்ளு இறக்கலாம்னு சொன்னதும் தாத்தா ஏறினார். 1973 ஜூலையில கள்ளுக்கடையை மூடிட்டாங்க. இறங்கினார். 1981 மே மாசம் எம்ஜிஆர் திறந்தார். ஏறினார். 1987 ஜனவரி 1-ல இருந்து கள்ளுக்குத் தடை, இன்னி வரைக்கும் அப்படியே இருக்கு. இறங்கிட்டார். அப்புறம் ரெண்டு சீசன் பாண்டிச்சேரி எல்லைக்குள்ள பாகூர் பக்கம் போய் ஏறினாராம், அங்க சட்டம் வேற. முட்டி வலி வந்ததும் அதையும் விட்டாச்சு. நான் கூட்டிப் பாத்தேன். தன் ஊர் மரத்துல சட்டப்படி அவர் கள்ளு இறக்கினது மொத்தமே ஏழு வருஷம் ஏழு மாசம். என் சர்வீஸ் கூட இன்னும் ரெண்டு வருஷத்துல அதைத் தாண்டிடும்.

அப்பா ஏன் டீ மட்டும்ங்கிறதுக்கு வரேன். ஸ்கூல்ல "கள்ளு வாசனை வருது"ன்னு சொல்லி அவரைத் தள்ளி உக்கார வெச்சிருக்காங்க. ஐடிஐ முடிச்சு சுரங்கத்துல வேலைக்குச் சேந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்தப்புறம், வீட்ல அந்தப் பேச்சே வரக்கூடாதுன்னு ஒரு சட்டம். அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. அப்பாவோட தம்பி பாக்கெட் சாராயத்துல ஆரம்பிச்சு, கடைசில குவார்ட்டர் பாட்டில்ல முடிஞ்சு போனார். நாப்பத்தொரு வயசு. சித்தி இன்னும் முந்திரித் தொழிற்சாலையில உடைக்கிறாங்க. அதனால "கள்ளு அமிர்தம், திறந்து விடு"ன்னு நான் எழுதுவேன்னு எதிர்பாக்காதீங்க. கள்ளுல மாத்திரை கலந்து வித்ததும் நடந்ததுதான். ஆனா கள்ளுக்கடையை மூடி நாலு வருஷத்துல, 1991-ல, சாராயக்கடையையும் மூடி, 2003 நவம்பர்ல அரசாங்கமே சில்லறைக்கடை திறந்து உக்காந்துச்சே, அந்தக் கணக்கு எனக்கு இன்னிக்கும் புரியல. ஒரு நாளுக்கு மேல தாங்காத, உள்ளூர் ஆளு மட்டுமே செய்யக்கூடிய, அஞ்சு சதவீதம் அளவுல நிக்குற சரக்கு தப்பு. லாரியில வர்ற நாப்பது சதவீதத்துக்கு மேல இருக்குற சரக்கு சரி. சித்தப்பா கள்ளு குடிச்சுச் சாகல.

யாழ்ப்பாணத்துல பனைக்குன்னு 1978-ல சபையே அமைச்சாங்க, கள்ளைக் கூட்டுறவுச் சங்கம் வெச்சு வித்தாங்க. கேரளாவுல ஷாப்பு இருக்கு. நாம பனையை மாநில மரம்னு பாடப்புத்தகத்துல போட்டுட்டு ஏணியை எடுத்துட்டோம்.

ஊருக்குத் திரும்பினதும் நேரா தாத்தாவைப் பாக்கப் போனேன். எண்பத்தேழு வயசு, கண்ணு மங்கல், காது நல்லாவே கேக்கும். திண்ணையில உக்காந்து பார்ன்ஸ்லி கதையைச் சொன்னேன். மண்ணுக்குள்ள அறை, மரப்பீப்பாய், கைப்பம்பு, மீன் பசை எல்லாம். அப்பா உள்ள டிவி சத்தத்தைக் கூட்டினார்.

"தெறந்தா எத்தினி நாளு தாங்கும்?"

"மூணு நாளு தாத்தா."

"பரவால்லியே. நம்முது ராத்திரிக்குத் தாங்காது. வெள்ளன எறக்குனது பொழுது சாயறப்ப கடுத்துரும், மறுநாளு காடிதான்." கொஞ்சம் யோசிச்சார். "பொங்கறதுக்கு என்னா போடுறான்?"

ஈஸ்ட் கதையைச் சொன்னேன். மூடின ப்ரூவரியோடதை எடுத்து வெச்சிருந்து, இருபத்தேழு வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் அதே ஈஸ்ட்ல காய்ச்ச ஆரம்பிச்சதைச் சொன்னேன். தாத்தா சிரிச்சார். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்குப் புதுசு. கள்ளுக் கலயத்தை எப்பவும் பளிச்சுன்னு கழுவ மாட்டாங்களாம். அடியில முதல் நாள் வண்டல் கொஞ்சம் ஒட்டியிருக்கணும். அதுதான் புதுப் பாளைச் சாறைப் பொங்க வெக்கும். புதுக் கலயம் வாங்கினா, பழைய கலயத்து வண்டலை விரல்ல தொட்டு உள்ள தடவிட்டுத்தான் மரத்துல கட்டுவாங்களாம். அவங்க அப்பா அப்படித்தான் செஞ்சார், அவருக்கும் அவங்க அப்பா சொல்லிக் குடுத்ததாம்.

"48-ல மூடினப்ப என்ன பண்ணீங்க தாத்தா? 71-ல திரும்ப ஏறுனப்ப வண்டலுக்கு எங்க போனீங்க?"

"அதெல்லாம் போலீசுகாரன் ஒடச்சிட்டுப் போயிட்டானே. மரத்துலயே இருக்குது தம்பி அது. ரெண்டு நாளு கட்டி வெச்சா தானா வந்துரும். ஆனா மொத சீசனு கள்ளு சரியா அமையல. எங்கப்பாரு கலயத்து ருசி இல்ல."

சொல்லிட்டு உள்ள கைய காமிச்சார். மாட்டுக் கொட்டாய் மூலையில சாக்குக்குக் கீழ ஒரு கலயம் இருந்துச்சு, கழுத்துல கயிறு இத்துப் போய். 87-ல கடைசியா இறக்கினதாம். எடுத்து மோந்து பாத்தேன், வெறும் மண்ணு வாசனைதான். கழுவலாமான்னு கேட்டேன்.

"வேணாம், வெய்யி"ன்னார்.